பதினாலு தாண்டினால்

பள்ளிப்பட்டில் ஐந்தே முக்காலுக்குப் பஸ்.
ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகும்.
தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டே மாநிலம் மாறுவார்கள்.
ஒன்பது மாம்பழப் பருவமாய் நானும் மாறுகிறேன்.

கூழ் ஃபேக்டரியில் என் வேலை சின்னது.
வருகிற பழத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து
தித்திப்பை எண்ணாக எழுத வேண்டும்.
பதினாலு இருந்தால் டிராக்டர் உள்ளே போகும்.
பதிமூணரை என்றால்
கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது.
பார்த்துவிடுவேன்.

கங்குலய்யா என்று ஒருவர்,
கேட்டுக்கு வெளியே மூன்று ராத்திரி
டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்.
அவர் பழம் பதினேழு காட்டியது.
கிளிமூக்கில் பதினேழை நான் பார்த்ததே இல்லை.
இரண்டு தடவை துடைத்து வைத்துப் பார்த்தேன்.
"பதினேழாம்மா? அப்போ ரேட்டு சேத்துப் போடுவாங்களா?"
இல்லைங்க,
பதினாலு தாண்டினால் எல்லாம் ஒண்ணுதான்.
அவர் தலையாட்டிவிட்டுத் தார்ப்பாயை மடித்தார்.
நான் அடுத்த துளிக்குப் போனேன்.

அந்தக் கண்ணாடியைப் பிடிக்க
கிரிதருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.
முதல் நாள் தலைகீழாகப் பிடித்தான்.
சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.
அவன் தங்கை கல்யாணத்துக்கு நாலு நைட் ஷிப்ட்.
அவன் மாற்றி எழுதிய பேட்ச் எண்ணை
அவனிடம் மட்டும் சொன்னேன்.
பாய்லர் நின்ற இரவில்
என் பெண்ணுக்கு நூற்றிரண்டு ஜுரம்.
பாய்லருக்கு எவ்வளவு இருந்தது என்று
இப்போது கேட்டாலும் சரியாகச் சொல்வேன்.

"மீரு உண்ட்டே சாலம்மா" என்பார் மதுசூதன் சார்.
நீங்க இருந்தால் போதும்.
அதை டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவேன்.
"சம்பளத்தில் எவ்வளவு சேத்தாங்க?" என்பார் வீட்டுக்காரர்.
அவருக்கு நயம் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

போன திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில்
லேப் இன்சார்ஜ்: கிரிதர்.
பால்கோவா கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது.
சாரிடம் போய் நின்றேன்.
கெட்ட மனுஷர் இல்லை அவர், நிஜமாகவே குழம்பினார்.
"உங்களை மேலே ஏத்திட்டா
ராத்திரி யாரும்மா பார்ப்பாங்க?
நீங்க அங்க இருக்கறதாலதான் நான் தூங்கறேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்,
பரிசு கொடுத்தவர் மாதிரி.

சாலு என்றால் போதும்.
பரிமாற வருகிறவரிடம்
இலை மேல் கையைக் குறுக்கே வைத்துச் சொல்வதும்
போதும்தான்.
எனக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

அன்று ஐந்தரைக்குக் கோட்டைக் கழற்றினேன்.
"அக்கா, இன்னும் ஏழு டிராக்டர் நிக்குது."
சுருக்கென்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.
"கண்ணாடியைத் துடைச்சு வச்சிருக்கேன்" என்றேன்.
பஸ் ஏறும்வரை
என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஜன்னல் சீட் கிடைத்தது.
சீசன் நாளில் அந்த ஆற்றை வெயிலில் பார்த்து
எத்தனை வருஷம் ஆகிறதோ.
தண்ணீர் இல்லை.
யாரோ மாட்டைக் குறுக்கே ஓட்டிப் போனார்கள்.

கங்குலய்யா மறு வருஷமும் வந்தார்.
பதினாலே கால் காட்டியது.
"எருவைப் பாதியாக் குறைச்சிட்டேம்மா" என்று
டிராக்டரில் சாய்ந்து பல்குத்திக்கொண்டிருந்தார்,
நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.
அன்றைக்கு எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

மடியில் போன் அடித்தது.
சார்.
நின்று, மறுபடி அடித்தது.
நாலாவது தடவை எடுத்தேனா என்று மட்டும்
கேட்காதீர்கள்.